பாறை ஏறும் சிறு வண்டி: கிட்டை மாற்றுவதா, முழுதாகக் கட்டுவதா?

ரேடியோ கொன்ட்ரோலில் ஓடும் ரொக் க்ரோலர், மனிதர் நடக்கும் வேகத்தில் பாறை ஏறும் வண்டி. அளவில் பெரும்பாலும் நிஜ ஜீப்பின் பத்தில் ஒரு பங்கு. நான்கு சக்கரங்களுக்கும் மோட்டரின் இழுப்புப் போகும். ஒரே அக்சிலில் உள்ள இடது, வலது சக்கரங்கள் வழக்கமாகப் பூட்டப்பட்டு ஒன்றாகவே சுழலும். ஒரு சக்கரம் அந்தரத்தில் தொங்கினாலும் மற்றது கல்லைப் பற்றி வண்டியை நகர்த்த வேண்டும், அதற்காகத்தான் இந்தப் பூட்டு. வேகத்துக்கு இங்கே வேலையில்லை. பிடிமானமும் சமநிலையும் இருந்தால் ஏறும், இல்லாவிட்டால் உருளும்.

இப்படியொரு வண்டியைக் கைக்குக் கொண்டுவர இரண்டு வழிகள் உண்டு. ஒரு நிறுவனத்தின் கிட்டை வாங்கிப் பூட்டி, பிறகு குறை தெரியத் தெரியப் பாகங்களை மாற்றுவது ஒன்று. அக்சில், கியர்பெட்டி, மோட்டர் என்று தனித்தனியாகத் தேர்ந்தெடுத்து, சட்டகத்தைச் சொந்தமாக வெட்டி முழு வண்டியையும் கட்டுவது மற்றது. மட்டக்களப்பின் கல்லடியில் இந்தத் தேர்வை மூன்று விடயங்கள் நெருக்குகின்றன. உதிரிப்பாகம் கடல் கடந்து வரவேண்டும்; காற்றிலும் நீரிலும் உப்பு; நல்ல பாறை வாவிக்கு அந்தப் பக்கம். ஆகவே இங்கே முதலில் கேட்கவேண்டியது, எந்தப் பாகம் உடைந்தால் அதை மட்டக்களப்புக்குள்ளேயே மறுபடி செய்துகொள்ளலாம் என்பதுதான். பல்லுள்ளவை, சுழல்பவை, மின்சாரத்தில் இயங்குபவை எல்லாம் தொழிற்சாலையில் செய்தவையாக இருக்கட்டும். சட்டகம், இணைப்புத் தண்டு, எடை, மேற்கூடு ஆகியவற்றை உள்ளூரிலேயே செய்யலாம், செய்யவும் வேண்டும்.

வரலாற்றில் கைவேலைதான் முந்தியது. 2000களின் முற்பகுதியில் பாறை ஏறுவதற்கென்றே ஆயத்தமாகக் கிடைத்த வண்டிகள் மிகக் குறைவு. தமியா நிறுவனம் 1987இல் வெளியிட்ட க்ளொட் பஸ்டர் என்ற பெருஞ்சக்கர வண்டியில் ஒவ்வோர் அக்சிலுக்கும் தனி மோட்டர் இருந்தது, நான்கு சக்கரங்களும் திரும்பின. ஆர்வலர்கள் அந்த அக்சில்களைக் கழற்றி, தாமே வெட்டிய சட்டகங்களில் பூட்டினார்கள். அதே நிறுவனத்தின் டி.எல்.டி.-1 வண்டியின் சிறிய அக்சில்களும் இப்படிப் பல வண்டிகளுக்கு அடித்தளமாயின. அக்சியல் நிறுவனத்தின் ஏ.எக்ஸ்.10 ஸ்கோர்ப்பியன் 2007இல் வந்த பிறகுதான் போட்டித்தரமான க்ரோலரைப் பெட்டியிலிருந்து எடுத்துப் பூட்ட முடிந்தது. 2009இல் வந்த எஸ்.சி.எக்ஸ்.10 நிஜ ஜீப்பின் தோற்றத்தையும் சட்டகத்தையும் சேர்த்துத் தந்தது. 2017இல் ட்ராக்ஸஸ் வெளியிட்ட டி.ஆர்.எக்ஸ்-4, போர்ட்டல் அக்சில், ரிமோட்டிலிருந்தே பூட்டித் திறக்கும் டிஃபரன்ஷியல், இரண்டு வேகக் கியர் ஆகியவற்றை ஒரே வண்டியில் சேர்த்தது. இன்று கிட் வாங்குகிறவர் கையில் எடுப்பது, முன்பு வேறு யாரோ பட்டறையில் உடைத்தும் திருத்தியும் கண்டுபிடித்த வடிவங்களைத்தான்.

கல்லடி எழுவான்கரையில், கடலுக்கும் வாவிக்கும் நடுவே கிடக்கும் மணல் நிலம். வீட்டு அத்திவாரத்துக்கு இறக்கிய கருங்கல் குவியலில் பழகலாம். அதற்கு மேல் பாறை வேண்டுமென்றால் வாவிக்கு அந்தப் பக்கமான படுவான்கரைக்குத்தான் போகவேண்டும். கல்முனை வீதியால் தெற்கே இறங்கி, 2014இல் திறக்கப்பட்ட மண்முனைப் பாலத்தால் வாவியைக் கடந்தால் கொக்கட்டிச்சோலை. அதற்கும் அப்பால் முருகன் கோயிலுடன் தாந்தாமலை. வேறு திசையில், 534 மீற்றர் உயரமான குடும்பிமலை. விஜயன் தொகுதி என்று புவியியலாளர் வகுக்கும், 54 கோடி ஆண்டுகளுக்கும் முந்திய நைஸ் பாறை இவை. வெயிலும் மழையும் அரித்ததில் மேற்பரப்பு சொரசொரப்பாகிவிட்டது. உலர்ந்திருக்கும்போது மென்மையான ரப்பர் ரயர் இதில் அற்புதமாகப் பிடிக்கும். மாரியில் பாசி படிந்தால் எந்த ரயரும் வழுக்கும். கோயில் வளவிலும் காப்புக்காட்டு எல்லைக்குள்ளும் அனுமதி கேட்டுத்தான் ஓட்டவேண்டும்.

க்ரோலர் ஏறுமா உருளுமா என்பதைப் பெரும்பாலும் தீர்மானிப்பது புவியீர்ப்பு மையத்தின் உயரம். இதைக் கணக்காகவே பார்த்துவிடலாம். வண்டியின் நடுக்கோட்டிலிருந்து ரயர் வரை 100 மி.மீ. என்றும், மையம் தரையிலிருந்து 90 மி.மீ. உயரத்தில் இருக்கிறது என்றும் கொண்டால், பக்கவாட்டுச் சரிவு 48 பாகையைத் தொடும்போது வண்டி கவிழும். மையத்தை 15 மி.மீ. இறக்கினால் அது 53 பாகையாகும். ஏற்றத்திலும் இதே கணக்குத்தான். இரு அக்சில்களுக்கும் இடைத்தூரம் 313 மி.மீ., எடை முன்னும் பின்னும் சமம், மைய உயரம் 90 மி.மீ. என்றால் 60 பாகை ஏற்றத்தில் முன்பகுதி தூக்கிப் பின்னே விழும். எடையில் 60 வீதத்தை முன்னுக்குத் தள்ளினால் 64 பாகை. அத்துடன் மையத்தை 75 மி.மீ.க்கு இறக்கினால் 68 பாகை. ரயர் நசுங்குவதும் ஸ்பிரிங் அமுங்குவதும் இந்தக் கணக்கில் இல்லை; நிஜத்தில் ஒவ்வொரு எண்ணும் சற்றுக் குறையும். என்றாலும் திசை மாறாது. எடையைக் கீழேயும் முன்னேயும் வைப்பதில் கிடைக்கும் பயன், அதிக வலுவுள்ள மோட்டர் எதிலும் கிடைக்காது.

இந்த எடையைச் சேர்க்க வெளிநாட்டு ஆர்வலர்கள் பித்தளையில் கடைந்த பாகங்களை நல்ல விலை கொடுத்து வாங்குகிறார்கள். பித்தளை அலுமினியத்தைவிட மூன்று மடங்கு கனம். ஈயம் அதையும் விஞ்சும்: ஒரு கன சென்ரிமீற்றர் ஈயம் 11 கிராமுக்குச் சற்று மேல். வீச்சுவலைக்கு ஈயமணி கோக்கும் ஊரில் இதற்குத் தட்டுப்பாடே இல்லை. முன் றிம்மின் உட்புறத்தில் ஈயத்தைச் சம அளவாகச் சுற்றி ஒட்டி, மேலே நாடா சுற்றிவிட்டால், பித்தளைப் பாகம் செய்யும் வேலையை அது செய்துவிடும். ரயர் கடையில் சக்கரச் சமநிலைக்கு ஒட்டும் துண்டுகளும் உதவும். ஈயத்தைத் தொட்ட கையைக் கழுவாமல் சாப்பிடக்கூடாது. வீட்டுக்குள் உருக்கவே கூடாது.

அடுத்தது கியர். எடுத்துக்காட்டாக, மோட்டரில் 14 பல் சிறுசக்கரம், எதிரே 80 பல் பெருஞ்சக்கரம்; கியர்பெட்டிக்குள் 2.6 மடங்கு, அக்சிலில் 13 பல்லுக்கு 38 பல். மூன்றையும் பெருக்கினால் ஏறக்குறைய 43. மோட்டர் 43 முறை சுழலும்போது சக்கரம் ஒருமுறை சுழலும். நிமிடத்துக்கு 12,000 சுற்றுச் சுழலும் மோட்டரும் 11 சென்ரிமீற்றர் விட்டமுள்ள ரயரும் என்றால் உச்ச வேகம் மணிக்கு ஆறு கிலோமீற்றருக்குச் சற்றுக் குறைவு. பாறைக்கு இது போதும். கல்லடிக் கடற்கரை மணலுக்கு இது போதாது. மணலில் சக்கரம் சுறுசுறுப்பாகச் சுழன்றால்தான் வண்டி புதையாது. இரண்டு தரையிலும் ஓடவேண்டும் என்றால் இரண்டு வேகக் கியர்பெட்டிக்குக் கொடுக்கும் பணம் நியாயமானது. இந்தப் பெட்டியை உள்ளூரில் செய்ய நினைப்பது வீண் முயற்சி. பல்லின் வடிவமும் உலோகத்தின் கடினமும் துல்லியமாக அமையாவிட்டால் சில மணி நேரத்தில் பல் தேய்ந்துவிடும்.

கிட்டை மெருகேற்றுகிறவர்கள் பெரும்பாலும் மாட்டிக்கொள்ளும் இடம் ஒன்று உண்டு. முதலில் பெரிய ரயர் போடுவார்கள். பெரிய ரயரைக் கல்லிடுக்கில் திருப்பக் கிட்டுடன் வந்த சேர்வோவுக்கு (சக்கரத்தைத் திருப்பும் சிறு மோட்டர்) வலுப் போதாது. 25 கிலோ-சென்ரிமீற்றர் முறுக்குவிசையுள்ள சேர்வோ வாங்கிப் பூட்டுவார்கள். அது திணறும் கணத்தில் மூன்று, நான்கு அம்பியர் இழுக்கும். வேகக்கட்டுப்பாட்டுக் கருவியிலிருந்து அதற்குப் போகும் வழங்கலோ பல கிட்டுகளில் அவ்வளவுக்கு ஈடுகொடுக்காது. மின்னழுத்தம் விழும், ரிசீவர் அணைந்து எழும், ஏற்றத்தின் நடுவில் வண்டி நின்றுவிடும். தனி வழங்கல் கருவி பூட்டினால் அந்தக் குறை தீரும். ஆனால் இப்போது சேர்வோவின் முழு வலுவும் பிளாஸ்ரிக் முட்டுப் பாகத்தில் இறங்கும். அதை மாற்றினால் ஷாஃப்ட் முறுகும். ஷாஃப்டை உருக்கில் போட்டால் அக்சில் கியர் உடையும். ஒரு பாகத்தைப் பலப்படுத்துவது அடுத்த பலவீனத்தை வெளியே கொண்டுவருகிறது. சங்கிலியின் கடைசிக் கண்ணி வரை மாற்றி முடித்தபோது வாங்கிய கிட்டில் எஞ்சியிருப்பது சட்டகமும் சில ஆணிகளுமே. முதலிலேயே கட்டியிருந்தால் ஆகியிருக்கும் செலவைவிட அதிகமும் ஆகியிருக்கும்.

இதைத் தவிர்க்கும் முறை எளிது. ரயரின் அளவைக் கூட்டாமல், அதே அளவில் மென்மையான ரப்பரும் நல்ல ஸ்பொஞ்சும் போடவேண்டும். முன் றிம்மில் எடை சேர்க்கவேண்டும். சிறுசக்கரத்தில் இரண்டு மூன்று பல் குறைக்கவேண்டும். மேற்கூட்டின் உச்சியில் சுமக்கும் அலங்காரத் தட்டு, பெட்டி, விளக்குகளைக் கழற்றவேண்டும். ஆயத்தக் கிட் ஒன்றின் திறன் கண்ணுக்குத் தெரியுமளவு கூடுவதற்கு இந்த நான்கும் போதும். இவற்றில் பெரிய காசு கேட்பது ரயர் மட்டுந்தான்.

அலுமினியப் பாகங்களைப் பற்றித் தனியாகச் சொல்லவேண்டும். மெருகேற்றும் பாகங்களின் பட்டியலில் முதலில் நிற்பவை நிறம் பூசிய அலுமினிய முட்டுகள், கைகள், ஷொக் மூடிகள். பார்வைக்கு அழகு. ஆனால் கல்லில் உரசி மேல்பூச்சுப் போன இடத்தில் உப்புநீர் பட்டால் வெள்ளைப் பொடி பூக்கத் தொடங்கும். துருப்பிடிக்காத உருக்கு ஆணியை அலுமினியத்துக்குள் முறுக்கி வைத்து உப்பில் நனைத்தால், இரு உலோகங்களுக்கிடையே சிறு மின்னோட்டம் உண்டாகி அலுமினியம் கரையும். ஆணி இறுகிக் கழற்ற முடியாமல் போகும். பித்தளையும் அலுமினியமும் தொடும் இடத்திலும் இதுவே நடக்கும். வாவிக்கரையிலும் கடற்கரையிலும் ஓடும் வண்டிக்குக் கிட்டுடன் வந்த நைலோன் முட்டே பல இடங்களில் மேலானது. அது வளையும், நிமிரும், உப்பைப் பொருட்படுத்தாது.

இனிக் கட்டும் வழி. தொடங்கவேண்டிய இடம் அக்சிலும் ரயரும். அக்சிலின் அகலமும் ரயரின் விட்டமும் தெரிந்த பிறகே இடைத்தூரம், இடைத்தூரத்திலிருந்து இணைப்புத் தண்டுகளின் நீளம், அதிலிருந்து கியர்பெட்டி உட்காரும் இடம், கடைசியில் சட்டகம். பலர் அழகான மேற்கூட்டிலிருந்து தொடங்கி, உள்ளே எதுவும் அடங்காமல் திண்டாடுகிறார்கள். அக்சில் வாங்கும்போது போர்ட்டல் வகையா, நேர் வகையா என்பதையும் அப்போதே முடிவுசெய்யவேண்டும். போர்ட்டல் வகையில் சக்கரத்தின் அருகே இன்னொரு சோடிக் கியர் இருப்பதால் அக்சிலின் நடுப்பகுதி உயர்ந்து கல்லில் முட்டாது. சக்கரத்தருகே வேகம் ஒருமுறை குறைவதால் நடு ஷாஃப்ட்டில் முறுக்கமும் குறையும். விசை கொடுக்கும்போது வண்டியின் உடல் ஒரு பக்கம் சரியும் பழக்கம் இதனால் அடங்கும். ஆனால் பல்லும் பெயாரிங்கும் கூடுதலாக இருப்பதால், உப்பும் மணலும் புகக்கூடிய இடங்களும் கூடும்.

கட்டுகிறவருக்குக் கிடைக்கும் உண்மையான அதிகாரம் இணைப்புத் தண்டுகளின் அமைப்பில்தான் இருக்கிறது. ஒவ்வோர் அக்சிலையும் கீழே இரண்டு, மேலே இரண்டு தண்டுகள் சட்டகத்துடன் பிணைக்கின்றன. பக்கத்திலிருந்து பார்த்து, பின் அக்சிலின் மேல் தண்டையும் கீழ்த் தண்டையும் கற்பனையில் முன்னோக்கி நீட்டினால் இரண்டும் ஒரு புள்ளியில் சந்திக்கும். பின் ரயர் தரையைத் தொடும் இடத்திலிருந்து அந்தப் புள்ளி வழியே கோடு இழுத்தால், அதன் சாய்வுதான் விசை கொடுக்கும்போது பின்பகுதி என்ன செய்யும் என்று சொல்லும். கோடு மிகச் செங்குத்தாக இருந்தால் விசை கொடுத்ததும் பின்பகுதி எழும்பி, செங்குத்துப் பாறையில் ரயர் துள்ளும். கோடு மிகத் தட்டையாக இருந்தால் பின்பகுதி குந்தும், முன்பகுதி இலேசாகும், ஏற்றத்தில் மல்லாக்க விழும். சரியான இடம் நடுவில் எங்கோ இருக்கிறது. எந்தக் கணக்கும் அதைக் கடைசி மில்லிமீற்றர் வரை சொல்லாது. அதனால் மேல் தண்டு சட்டகத்தில் பொருந்தும் இடத்தில் ஐந்து மி.மீ. இடைவெளியில் மூன்று நான்கு துளைகள் போட்டு வைப்பார்கள். கிட்டில் தொழிற்சாலை இட்ட ஒன்றிரண்டு துளைகளுக்குள் அடங்கவேண்டும். சொந்தச் சட்டகத்தில் துளைக்கும் இடம் கட்டுகிறவரின் கையில்.

சட்டகத்துக்கு 3 மி.மீ. அலுமினியத் தகடு போதும். அலுமினிய யன்னல், கதவு செய்யும் கடைகளில் வெட்டி எறியும் கோணத் துண்டுகளும் பெட்டித் துண்டுகளும் குறுக்குச் சட்டங்களுக்கு உதவும். உலோகமே வேண்டாம், உப்புக்கு அஞ்சாத ஒன்று வேண்டும் என்றால் தடித்த பிளாஸ்ரிக் தகடு இருக்கிறது. சமையலறையில் மரக்கறி வெட்டும் வெள்ளைப் பலகை பெரும்பாலும் பொலிஎதிலீன். வண்டியின் அடித்தட்டுக்கு அதைவிட நல்ல பொருள் அரிது, ஏனெனில் கல்லில் பட்டால் சிக்காமல் வழுக்கிச் செல்லும். இணைப்புத் தண்டுக்கு 6 மி.மீ. கம்பியை அளந்து வெட்டி, இரு முனையிலும் 3 மி.மீ. மரை போடவேண்டும். படகு எஞ்சினுக்கும் உழவு இயந்திரத்துக்கும் வேலை செய்யும் லேத் பட்டறைகளுக்கு இது சிறிய வேலை. நான்கு தண்டுகளின் நீளமும் சோடி சோடியாகச் சரியாக ஒத்திருக்கவேண்டும் என்பதை மட்டும் வலியுறுத்திச் சொல்லவேண்டும், அரை மி.மீ. வித்தியாசம் அக்சிலைக் கோணலாக்கிவிடும்.

முப்பரிமாண அச்சில் பாகம் செய்பவர்கள் பொருளைக் கவனிக்கவேண்டும். பரவலாகப் பாவிக்கும் பி.எல்.ஏ. ஏறக்குறைய 60 பாகை செல்சியசில் இளகும். பங்குனி, சித்திரை வெயிலில் கண்ணாடி ஏற்றிய வானுக்குள் விட்ட பி.எல்.ஏ. சட்டகம் வளைந்துபோகலாம். பி.ஈ.டி.ஜி. 80 பாகை வரை தாங்கும், ஏ.எஸ்.ஏ. 100 பாகைவரை தாங்குவதோடு வெயிலில் வெளிறவும் மாட்டாது.

மேற்கூட்டில் கட்டுகிறவருக்கு முழுச் சுதந்திரம். பெரிய பி.வி.சி. குழாயை நீளவாக்கில் பிளந்து, வெளியிடத்தில் சூடாக்கித் தட்டையாக அழுத்தினால் வெட்டி ஒட்டத்தக்க தகடு கிடைக்கும். டிமோ பட்டா என்னும் சிறு லொறியின் தோற்றத்தையும் இப்படிச் செய்யலாம். ஆனால் அளவு விலை கேட்கும். அந்த வண்டியின் நிஜ இடைத்தூரம் 2,100 மி.மீ.; பத்தில் ஒன்றாகச் சுருக்கினால் 210 மி.மீ. மேலே பார்த்த கணக்கின்படி, எடையில் 60 வீதம் முன்னே, மையம் 75 மி.மீ. உயரத்தில் இருந்தாலும் 59 பாகையிலேயே பின்னே விழும், 313 மி.மீ. வண்டி 68 பாகை வரை நிற்கும். நிறுவனங்களும் இதனால்தான் அளவில் விட்டுக்கொடுக்கின்றன. நிஜ லான்ட்ரோவர் 110இன் இடைத்தூரம் 2,794 மி.மீ.; பத்தில் ஒன்று 279. அதன் தோற்றத்தில் வந்த டி.ஆர்.எக்ஸ்-4இன் இடைத்தூரமோ 324 மி.மீ. தோற்றம் துல்லியமாக வேண்டுமா, ஏற்றம் வேண்டுமா என்று கிட் வாங்குகிறவருக்காக வேறொருவர் முடிவெடுத்துவிட்டார். கட்டுகிறவர் அதைத் தாமே எடுக்கவேண்டும்.

மின்சாரப் பகுதியில் சிக்கனம் பிடிக்கக்கூடாது. பிரஷ் மோட்டர் மலிவு, மெல்லிய நகர்வுக்கு நல்லது. உப்புநீர் புகுந்தால் கொமியூட்டேற்றர் கெடும். மோட்டரும் வேகக்கட்டுப்பாடும் ஒன்றாக அடைக்கப்பட்ட பிரஷ் இல்லாத வகை விலை கூடினாலும் வாவிக்கரைக்கு ஏற்றது. லித்தியம் பொலிமர் பற்றரி ஒவ்வொரு செல்லுக்கும் 4.2 வோல்ட்டுக்கு மேல் ஏறவோ 3 வோல்ட்டுக்குக் கீழ் இறங்கவோ கூடாது. பல நாள் பாவிக்காமல் வைப்பதானால் 3.8 வோல்ட். தனியாக அனுப்பும் லித்தியம் அயன் பற்றரிகளைப் பயணிகள் விமானத்தில் சரக்காக ஏற்றுவதற்கு 2016 ஏப்ரல் 1 முதல் சர்வதேசத் தடை இருக்கிறது. வெளிநாட்டிலிருந்து பற்றரியை மட்டும் வரவழைத்துக்கொள்வது அதனால் எளிதல்ல. நாட்டுக்குள் எந்த அளவுப் பற்றரி கிடைக்கிறது என்று பார்த்து, அதற்கேற்பச் சட்டகத்தில் இடம் ஒதுக்குவது கட்டுகிறவருக்கு முடியும். கிட்டின் பற்றரித் தட்டில் அது முடியாமலும் போகலாம்.

செலவைப் பொறுத்தவரை, இறக்குமதிப் பாகத்தின் விலை நாணய மாற்றோடு ஆடும். 2022 மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாய் அளவில் இருந்த டொலர் மே மாதத்தில் 360 ரூபாயைத் தொட்டது. அப்போது மாற்றுப் பாகத்துக்குக் காத்திருந்தவரின் செலவு ஏறக்குறைய இரட்டித்தது. சட்டகத்தையும் தண்டுகளையும் உள்ளூரில் செய்தவருக்கு அந்த அடி அக்சிலிலும் கியரிலும் மின்கருவியிலும் மட்டுமே விழுந்திருக்கும். புதிதாகத் தொடங்குகிறவருக்கு என்றாலும் முதலில் கிட்டே நல்லது. ஒரு வண்டி ஏன் கவிழ்கிறது, எங்கே துள்ளுகிறது என்று கையால் உணராதவர், துளையை எங்கே போடுவதென்று அறியமாட்டார். ஒரு பருவம் ஓட்டிய பிறகு அதே கிட்டின் அக்சில், கியர்பெட்டி, மின்கருவி ஆகியவற்றைக் கழற்றிச் சொந்தச் சட்டகத்துக்கு மாற்றுவது இவ்வூருக்கு மிகப் பொருத்தமான வழி. கிட்டுக்குக் கொடுத்த பணத்தில் பெரும்பகுதி வீணாகாது. உடையக்கூடிய பெரிய பாகங்கள் மட்டக்களப்பிலேயே மறுபடி செய்யத்தக்கவையாக மாறிவிடும்.

கட்டி முடித்த வண்டியை நேரே தாந்தாமலைக்குக் கொண்டுபோகக் கூடாது. சொரசொரப்பான பலகையொன்றைச் சுவரில் சாய்த்து, கோணத்தைச் சிறிது சிறிதாகக் கூட்டி ஏற்றிப் பார்க்கவேண்டும். துள்ளினால் மேல் தண்டின் துளையை மாற்றவேண்டும். முன்பகுதி எழும்பினால் எடையை முன்னுக்குத் தள்ளவேண்டும். முதல் ஓட்டம் முடிந்ததும் உலோகத்தில் முறுக்கிய ஆணிகள் ஒவ்வொன்றையும் கழற்றி, மரைப் பசை ஒரு துளி இட்டு மீண்டும் இறுக்கவேண்டும். உப்புநீர் பட்ட நாளில் பற்றரியை எடுத்துவிட்டு, நல்லதண்ணீரால் அக்சிலையும் சக்கரத்தையும் கழுவி, ரயருக்குள் புகுந்த தண்ணீரை வடியவிட்டு, நிழலில் உலர்த்தி, பெயாரிங்குகளுக்கு எண்ணெய் விடவேண்டும். கிட் என்றாலும் கட்டியது என்றாலும் இந்த வேலை ஒன்றுதான். அன்று மாலையே செய்யவேண்டும், மறுநாள் காலைக்குள் பெயாரிங் இறுகத் தொடங்கிவிடும்.